செவலை கடல் பார்த்த மாசி

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, கிளுவை வேலி போட்ட கொறங்காட்டை (மேய்ச்சல் காட்டை) ஒட்டி எங்கள் தோட்டம் இருக்கிறது. தோட்டத்து முன்புறம் 8 விசைத்தறிகள் ஓடும் குடோன். அதன் வாசற்படியில் விரித்த சாக்கின் மேல் படுத்துக் கிடப்பது செவலை. ஆட்டுப் பட்டிக்குக் காவலாக இருக்கட்டும் என்று மாமனார் குட்டியாகக் கொண்டுவந்த நாட்டு நாய். இப்போது வயது 4, எடை 18 கிலோ. சென்ற ஆண்டு நாங்கள் 3 நாள் இராமேசுவரம் போய்வந்தபோது அதைப் பக்கத்துத் தோட்டத்தில் விட்டுச் சென்றோம். மூன்று நாளும் வைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் படலோரமே படுத்திருந்தது என்று கேட்டபோது, இனி வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதென்றால் செவலையையும் உடன் அழைத்துச் செல்வது என்று முடிவு செய்தோம்.

"அது கடலுக்கு வந்து என்ன கண்ணு பண்ணப் போவுது?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடிக்கொண்டு இரண்டு மாதம் திட்டமிட்டதால்தான், பயணத்தில் நாங்கள் செய்த பிழைகள் சிறியவையாகவே நின்றன என்று நினைக்கிறேன்.

முதலில் காலத்தைக் குறித்தோம். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும். சித்திரை பிறந்துவிட்டால் மணலில் கால் வைக்க முடியாது. இடையில் உள்ள மாசியும் பங்குனி முற்பகுதியும்தான் கிழக்குக் கடற்கரைக்கு இளவேனில் என்று சொல்லத்தக்க நாட்கள். அதிலும் மாசி மகத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்தோம். அன்றைக்குத் தீர்த்தவாரிக்காகக் கடற்கரையெங்கும் கூட்டமும் மேளமும் வெடியுமாக இருக்கும். பழக்கமில்லாத இடத்தில் மிரண்ட நாய் கயிற்றை உருவிக்கொண்டு ஓடினால் தேடிப் பிடிப்பது எளிதல்ல. பங்குனி உத்திரத்துக்கு முந்தைய நாட்களில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் பழனிக்கு நடப்பவர்கள் நிறைந்துவிடுவார்கள் என்பதால் அதையும் விட்டு, மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம்.

அடுத்தது இடம். என் கணவர் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளக் கடற்கரைக்குப் போகலாம் என்றார். தூரம் குறைவுதான்; ஆனால் கோயம்புத்தூர் நெரிசலைக் கடந்தாக வேண்டும், வழியில் நாயோடு இளைப்பாறத் தெரிந்த வீடு எதுவும் இல்லை. தரங்கம்பாடி என்றால் கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சமதளச் சாலை. கும்பகோணத்தில் எங்களிடம் துணி வாங்கும் வியாபாரி ஒருவர் வீட்டுக் கொல்லையில் வேப்பமர நிழலும் குழாயும் உண்டு. இந்த ஒரு காரணத்தால்தான் கிழக்கை முடிவு செய்தோம். நாயோடு செல்பவர்களுக்குச் சேருமிடத்தைவிட, நடுவழியில் வெயில் உச்சியேறும் 4 மணி நேரத்தை எங்கே கழிப்பது என்பதே முதற் கேள்வி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

ரயிலையும் யோசிக்காமல் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறைக்கு ஜன்சதாப்தி ஓடுகிறது. ஆனால் அது முழுக்க இருக்கை வண்டி. ரயிலில் நாயைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் இரண்டு அல்லது நான்கு படுக்கை கொண்ட தனியறை முழுவதையும் நாமே பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில்தான் ஏற்ற வேண்டும். படலுக்குள் சுதந்திரமாகத் திரிந்த நாயை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எனவே எங்கள் காரிலேயே புறப்படுவது என்றானது.

இரண்டு மாதத்துக்கு முன்பே அரசு கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று வெறிநாய்த் தடுப்பூசியையும், பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியையும் போட்டு, தேதியை அட்டையில் பதிந்து வாங்கினோம். ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது. முதன்முறையாகப் போடுகிற நாய்க்கு எதிர்ப்புச் சக்தி ஏற மூன்று, நான்கு வாரமாவது ஆகும். கடலோர ஊர்களில் தெருநாய்கள் கூட்டமாகத் திரிவதால் இதில் அலட்சியம் கூடாது. உண்ணிக்கான மருந்தையும் புறப்படுவதற்கு முந்தைய வாரம் முதுகில் ஊற்றினோம்.

கார்ப் பழக்கம் தனிப் பாடமாக இருந்தது. முதல் நாள் காங்கயம் போவதற்குள் இருமுறை வாந்தி எடுத்துவிட்டது. பிறகு வண்டியை நிறுத்தி வைத்தே உள்ளே உட்கார வைப்பது, அடுத்த நாள் தோட்டத்து வண்டித் தடத்தில் ஒரு சுற்று, அதற்கடுத்து முத்தூர் வரை என்று சிறுகச் சிறுகக் கூட்டினோம். ஏறுவதற்கு 4 மணி நேரத்துக்கு முன்பிருந்தே சோறு போடாமல் தண்ணீர் மட்டும் காட்டினால் வயிறு அமைதியாக இருக்கிறது என்பதையும் அப்போதுதான் கண்டோம். சோற்றையும் மாற்றவில்லை. செவலை வளர்ந்தது கம்பஞ்சோறும் மோரும் தின்று; கம்பையே குத்திப் புடைத்து இரண்டு கிலோ எடுத்துக்கொண்டோம். புது ஊர், புதுத் தண்ணீர், புது மணம் எல்லாம் ஒன்றாகச் சேரும்போது வட்டிலாவது பழையதாக இருக்க வேண்டும்.

அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டோம். கரூரைக் கடந்து மாயனூர், குளித்தலைப் பக்கம் சாலை காவிரியோடு சேர்ந்தே போகிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடிவிடுவார்கள் என்பதால் அந்த அகண்ட ஆறு முழுவதும் மணலாகக் கிடக்க, நடுவில் ஒன்றிரண்டு நீர்க்கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே இறக்கி, கயிற்றோடு கால் மணி நேரம் நடக்க விட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படி நிறுத்தினோம்; ஒவ்வொரு முறையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரையே கொடுத்தோம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி லிட்டர் என்பது பொதுவான கணக்கு. செவலைக்கு ஒரு லிட்டர் வரும், வெயில் நாளில் இரு மடங்கு வைத்துக்கொள்வது நல்லது. தேநீர் குடிக்க இறங்கும்போதுகூட யாராவது ஒருவர் அதனோடு வெளியில் நிழலில் நின்றோம். வெளியே 30 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது கண்ணாடி ஏற்றிய காருக்குள் 20 நிமிடத்துக்குள் 40-ஐத் தாண்டிவிடும். கண்ணாடியை விரற்கடை அளவு இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வந்துவிடாது.

கும்பகோணத்தில் பகலைக் கழித்து மாலை 4 மணிக்குக் கிளம்பி, 6 மணிக்குத் தரங்கம்பாடி சேர்ந்தோம். அங்கேதான் முதல் சிக்கல். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, நாய் இருக்கிறது என்று சொல்லி, பணமும் கட்டியிருந்த தங்குமிடத்தில், அப்போது வரவேற்பில் இருந்தவர் செவலையைப் பார்த்ததும் மறுத்துவிட்டார். நாய் என்றால் மடியில் வைத்துக்கொள்ளும் சிறிய நாய் என்று நினைத்தார்களாம். பணம் திரும்பி வந்தது. ஆனால் இருட்டுகிற நேரத்தில் புது ஊரில் நாயும் மூட்டையுமாக நின்ற அந்த ஒரு மணி நேரம் கொடுமையானது. கடைசியில் ஒரு தேநீர்க் கடைக்காரர் வழிகாட்ட, வயதான தம்பதியர் தங்கள் வீட்டுப் பின்கட்டை இரண்டு நாளைக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். கிணறும் சுற்றுச்சுவரும் கொண்ட அந்தப் பின்கட்டு, நாங்கள் முதலில் பேசிய இடத்தைவிட நாய்க்குப் பொருத்தமாக அமைந்தது. இனிமேல் எங்கே கேட்டாலும் நாயின் படம், எடை, எங்கே படுக்கும் என்பதையெல்லாம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, சம்மதத்தையும் எழுத்திலேயே வாங்கிவிடுவேன்.

மறுநாள் காலை 6 மணிக்குச் சற்று முன்பாகக் கடற்கரைக்குப் போனோம். வலப்பக்கம் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை. இடப்பக்கம் அலை கழுவிய பாறைகளுக்கு அருகில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். கடலின் இரைச்சலுக்குச் செவலை பயப்படும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது காதைக்கூட மடக்கவில்லை. நாளெல்லாம் தறியின் 'டக்கு டக்கு' ஓசையிலேயே தூங்கிப் பழகிய நாய்க்கு அலைச் சத்தம் ஒரு பொருட்டாகவே படவில்லை. அதை மிரட்டியது அலையின் நகர்வு. தரை தன்னை நோக்கி ஊர்ந்து வருகிறது என்று நினைத்ததோ என்னவோ, முதல் நுரை முன்னங்காலைத் தொட்டதும் நான்கு கால்களையும் ஒன்றாகத் தூக்கிப் பின்னால் பாய்ந்தது. பிறகு வயிறு மணலில் படியத் தாழ்ந்து, மூக்கை மட்டும் முன்னால் நீட்டி, வடிந்து போகிற நீரின் ஓரத்தைப் பின்தொடர்ந்து போய் முகர்ந்தது. அடுத்த அலைக்கு மறுபடி ஓட்டம். இப்படியே பத்துப் பன்னிரண்டு முறை. என் மகன் அதைத் தூக்கிக்கொண்டு போய் நீரில் விடலாம் என்றான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பிஏபி எனப்படும் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன வாய்க்காலில் தானாகவே நீந்தக் கற்றுக்கொண்ட நாய் அது. இங்கேயும் தானாக இறங்கும் வரை காத்திருந்தோம். அரை மணி நேரத்தில் மார்பளவு நீருக்கு வந்துவிட்டது.

அதற்குமேல் உள்ளே போகாமல் 10 மீட்டர் கயிற்றைக் கையிலேயே வைத்திருந்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "நாய்க்கு நீச்சல் தெரியும்மா, நீவாடு தெரியாது" என்றார். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். வாய்க்காலில் நீர் ஒரே திசையில் ஓடும், கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கடலில் கரையைப் பார்த்து நீந்தினாலும் நீர் பக்கவாட்டில் கொண்டுபோகும். கயிற்றிலும் ஒரு தவறு செய்தோம். தோட்டத்தில் மாடு கட்டும் தேங்காய் நார்க் கயிற்றையே கொண்டுபோயிருந்தோம். அது உப்பு நீரில் ஊறி விறைத்து, அன்று மாலைக்குள் செவலையின் கழுத்தடியில் தோலை உரசிவிட்டது. பருத்தி நாடாவால் ஆன மார்புப் பட்டையும் மெல்லிய நைலான் கயிறும்தான் கடலுக்கு ஏற்றவை.

எங்களை மிகவும் ஏமாற்றியது வெக்கைதான். மாசிக் கடைசியில் வெள்ளகோவிலில் பகல் வெயில் 35 டிகிரிக்குக் குறையாது. தரங்கம்பாடியில் அதைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே காலை 9 மணி வரை இருக்கலாம் என்று கணக்குப் போட்டோம். 8 மணிக்கே செவலை நாக்கை முழுநீளம் தொங்கவிட்டு, கோழையாக எச்சில் வடிய இரைக்கத் தொடங்கியது. நாய்க்கு உள்ளங்காலைத் தவிர வேறெங்கும் சொல்லும்படியாக வியர்க்காது. நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடம்பு குளிர்கிறது. எங்கள் கொறங்காட்டின் வறண்ட காற்றில் அந்த ஈரம் சட்டென்று காய்ந்து உடம்பும் தணியும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்குவதில்லை. எங்கள் பக்கத்திலிருந்து கடலுக்குப் போகும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்: வெப்பமானியில் 3 டிகிரி குறைவாகத் தெரிவதை நம்பி, வறட்சியில் வளர்ந்த நாயைக் கடல் வெயிலில் நிறுத்தக் கூடாது. ஈறு அடர்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது ஆபத்தின் வாசல். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் தண்ணீர் ஊற்றி, விசிறி, மருத்துவரிடம் ஓட வேண்டும். அந்தக் கட்டம் வருவதற்குள் நாங்கள் திரும்பிவிட்டோம். அதன்பின் காலை 7.30 மணிக்கு மேலும் மாலை 5 மணிக்கு முன்பும் மணலுக்கே போகவில்லை. மாலையில்கூடப் புறங்கையை மணலில் 7 விநாடி வைத்துப் பார்த்து, சுடவில்லை என்றால்தான் இறக்கினோம்.

இரண்டாவது தவறு, கடல் நீர். கடல் நீரைக் குடிக்கக் கூடாது என்று செவலையே அறிந்துகொள்ளும் என நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கும். மாட்டுத் தொட்டியில் அதைக் குடித்து வளர்ந்த நாய்க்கு நாக்கில் உப்புப் பட்டதும் விலக வேண்டும் என்ற எண்ணம் வரவில்லை. நாங்கள் கவனிப்பதற்குள் நன்றாகவே குடித்துவிட்டது. கடல் நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அது குடலுக்குள் போனால் உடம்பிலுள்ள நீரையெல்லாம் இழுத்து வெளியேற்றும். அளவு கூடினால் மூளையைத் தாக்கி வலிப்பு வரை கொண்டுபோகும். அன்றிரவு செவலைக்கு ஐந்து முறை நீராகப் பேதி. கணவரும் நானும் முறை வைத்து விழித்திருந்து, சிறிது சிறிதாக நல்ல தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தோம். காலையில் கால்நடை மருத்துவர் ஒருவர் பார்த்து, வலிப்போ தள்ளாட்டமோ இல்லாததால் பயப்பட வேண்டாம் என்று மருந்து கொடுத்தார். அதன்பின், மணலில் இறங்கும் முன்பே வயிறு நிறையத் தண்ணீர் காட்டினோம், கால் மணிக்கு ஒருமுறை கிண்ணத்தைக் கொண்டுபோய் நீட்டினோம். தாகம் இல்லாத நாய் கடலைத் தேடிப் போவதில்லை. பந்து எறிவதையும் நிறுத்திவிட்டோம். ஈரப் பந்தோடு மணலும் வாய்க்குள் போய்க் குடலில் கெட்டியாகத் தங்கிவிடும் என்று அந்த மருத்துவர் எச்சரித்தார்.

அதைவிடப் பெரிய ஆபத்து கரையிலேயே கிடந்தது. கரைவலை இழுத்து முடித்த இடத்தில், விலை போகாத மீன்களை மணலில் உதறிவிட்டுச் சென்றிருந்தார்கள். செவலை அவற்றில் ஒன்றை முகர்ந்து, வாயைத் திறந்து குனிகிற வேளையில், கூடை சுமந்துகொண்டு போன ஒரு அம்மா, "ஏ தம்பி, இழு இழு, அது பேத்த!" என்று கத்தினார். மகன் கயிற்றைச் சுண்டி இழுத்துவிட்டான். உள்ளங்கை அளவுதான் இருந்தது அந்த மீன். வெளுத்த வயிறு பந்து போல உப்பி, சிறு முட்கள் மேலே தெரிய, கிளி மூக்குப் போன்ற வாயோடு கிடந்தது. பேத்தை மீனின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. காய்ந்தாலும் வெந்தாலும் அது முறிவதில்லை, மாற்று மருந்தும் கிடையாது. தின்ற நாய்க்கு எச்சில் வடியும், கால்கள் துவளும், பிறகு மூச்சு நின்றுபோகும். கொங்கு நாட்டில் மீன் என்றால் குளத்துக் கெண்டையும் கெளுத்தியும்தான் என்று வளர்ந்த எங்களுக்கு அந்த அம்மாவின் குரல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. வலை இழுத்த இடத்தை விட்டு விலகி நடப்பது, அல்லது வாய்க்கட்டு போடுவது, இரண்டில் ஒன்று கட்டாயம். சொறிமீனும் அறுந்த தூண்டில் முள்ளும் அதே இடங்களில்தான் கிடக்கின்றன. உலரும் வலை மீதும் படகு மீதும் நாய் காலைத் தூக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. அது மீனவர்களுடைய தறி.

இரவில் நாயோடு கடற்கரைக்குப் போகக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அது நாயின் நலத்தைப் பற்றியது அல்ல. நாங்கள் இளவேனில் என்று தேர்ந்தெடுத்த இதே மாதங்கள்தான் சிற்றாமை (ஆலிவ் ரிட்லி) என்னும் கடலாமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும் காலம். பங்குனி ஆமை என்ற பெயரே அப்படி வந்ததுதான். ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இருக்கும். இரண்டாம் நாள் விடியலில் செவலை ஓரிடத்தில் மூக்கைப் புதைத்து, கொறங்காட்டில் எலி வளையைப் பறிப்பது போல வெறியோடு மணலைப் பறிக்கத் தொடங்கியது. நீரிலிருந்து அந்த இடம் வரை டிராக்டர் சக்கரம் ஓடியது போன்ற தடம் ஒன்று ஏறி, மறுபடி நீருக்கே இறங்கியிருந்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டு, அப்பக்கம் வந்த வனத்துறைக் காவலரிடம் காட்டினோம். அவர் மணலைக் கையால் மெல்ல விலக்க, பிங்பாங் பந்து போன்ற வெள்ளை முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. இந்தக் கடற்கரையில் இப்படிக் கிடைக்கும் முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்து, ஒன்றரை இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கும் உயிர் அது. நம் நாய் 5 நிமிடத்தில் ஒரு கூட்டை அழித்துவிடும் என்பதை நேரில் பார்த்த பிறகு, கயிறு அவிழ்த்து ஓட விடும் ஆசை எனக்கு அடியோடு போய்விட்டது.

கோட்டைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நாயை அழைத்துச் செல்ல முடியாது. ஆகையால் இரண்டிரண்டு பேராகப் போய்வந்தோம், அத்தைக்குக் கோட்டையைவிட மாசிலாமணிநாதரைப் பார்த்ததில்தான் நிறைவு. மற்றபடி ஒவ்வொரு முறை திரும்பியதும் கிணற்று நீரை இரண்டு குடம் ஊற்றி, விரலிடுக்கு மணலைக் கழுவி, காதுமடலின் உட்புறத்தைத் துண்டால் ஒற்றினோம். உப்பு தோலில் காய்ந்தால் நாய் நக்கி நக்கியே புண்ணாக்கிவிடும்.

திரும்பி வந்து மூன்று வாரம் வரை தினமும் காது, அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவி உண்ணி பார்த்தோம். சோறு இறங்காமல் ஈறு வெளுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்பதால் அதையும் கவனித்தோம். எதுவும் இல்லை. கழுத்துச் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் மாட்டுத் தொட்டியில் தலையை விட்டு ஒரே மூச்சில் குடிக்கும் செவலை, இப்போது நாக்கின் நுனியால் ஒருமுறை தொட்டுப் பார்த்து, தலையைத் தூக்கிச் சற்று நின்று, பிறகுதான் குடிக்கிறது.